இணையக் கோபுரத்தில் ஏறுவோருக்கான முழுமையான வழிகாட்டி: தரையிலிருந்து உச்சிவரை, உச்சியிலிருந்து தரைவரை

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே டொங்காட்டிலிருந்து ஸ்டாங்கர் வரையுள்ள கரும்புக்காட்டு மேடுகளிலும், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டிய பண்ணைகளிலும், ஃபைபர் எட்டாத வீடுகளுக்கு இணையம் போய்ச் சேர்வது மாஸ்ட் எனப்படும் மெல்லிய முக்கோணக் கம்பிக் கோபுரங்களின் வழியாகத்தான். அவற்றின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் ரேடியோவையோ டிஷ்ஷையோ சரிசெய்ய ஒருவர் ஏறியாக வேண்டும். குவாசுலு-நடாலில் அந்த வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருபவன் என்ற முறையில், புதிதாகச் சேரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வாய்மொழியாகச் சொல்லிவந்ததை இங்கே எழுதிவைக்கிறேன். உயர வேலைக்கான பயிற்சியை முறையாக முடித்துச் சான்றிதழ் பெற்றவருக்கே இது பயன்படும். பயிற்சி இல்லாதவர் இதைப் படித்துவிட்டு ஏறக் கூடாது.

ஏறத்தான் வேண்டுமா?

முதற்படி தரையில் நின்றுகொண்டு யோசிப்பது. இணைப்பு அறுந்துவிட்டது என்று தொலைபேசி வந்ததும், ஏறும்போது உடலில் அணியும் பாதுகாப்புப் பட்டைத் தொகுப்பான ஹார்னஸை எடுக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் மின்சாரமோ, பேட்டரியோ, கீழேயுள்ள சுவிட்சோ, ஈத்தர்நெட் கேபிள் வழியாகவே ரேடியோவுக்கு மின்சாரம் அனுப்பும் பி.ஓ.இ. அடாப்டரோ காரணமாக இருந்தால் மேலே போய்ச் செய்வதற்கு எதுவும் இருக்காது. ஏறக்குறைய நாள்தோறும் மின்வெட்டு இருந்த 2023-இல், முழுதாக மின்னேறாமலேயே மறுபடி மறுபடி வடிந்த பேட்டரிகளை மாற்றியதே எங்கள் வேலையில் பெரும்பகுதி. அதற்கு ஏணிகூடத் தேவைப்படவில்லை. பேட்டரியின் வோல்டேஜை அளந்து பாருங்கள். கேபிளின் கீழ்முனையை வேறொரு போர்ட்டில் மாட்டிப் பாருங்கள். ரேடியோ பதில் சொல்கிறது, ஆனால் ஈத்தர்நெட் வேகம் 100-இலிருந்து 10 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது அல்லது பிழைக் கணக்கு ஏறிக்கொண்டே போகிறது என்றால், மேல்முனைக் கனெக்டரில் தண்ணீர் புகுந்திருக்கலாம். கடலோரத்தில் உப்புக்காற்று தாமிரத்தைப் பச்சையாக்கிவிட்டிருக்கவும் கூடும். அப்போது ஏறுவதற்குக் காரணம் இருக்கிறது. மேலே என்ன செய்யப்போகிறோம், என்னென்ன உதிரிப்பொருள் வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டால், ஒரே வேலைக்கு இரண்டு முறை ஏறும் தொல்லை இராது.

யார் ஏறலாம்?

தென்னாப்பிரிக்காவில் இந்த வேலை 1993-ஆம் ஆண்டின் 85-ஆம் எண் தொழில்சார் உடல்நல, பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகிறது. அதன்கீழ் வெளியான 2014-ஆம் ஆண்டுக் கட்டுமான விதிகளில் பத்தாவது விதி, விழுதல் தடுப்புத் திட்டம் எழுத்து வடிவில் இருக்க வேண்டும் என்றும், அதைத் தகுதியுள்ள ஒருவர் தயாரிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இடர் மதிப்பீடு, உடல்தகுதி, பயிற்சி, கருவிகளின் ஆய்வு ஆகியவற்றோடு, விழுந்து தொங்குபவரை மீட்கும் திட்டமும் அதில் இடம்பெற வேண்டும். சிறிய நிறுவனங்களில் இந்தக் கோப்பு அலுவலக அலமாரியில் தூங்குவதைப் பார்த்திருக்கிறேன். அது வண்டியில் இருக்க வேண்டியது.

மருத்துவச் சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதால் மட்டும் இன்றைக்கு ஏறும் நிலையில் இருக்கிறோம் என்று ஆகிவிடாது. சர்க்கரை வியாதிக்கு மருந்து எடுப்பவர், தலைச்சுற்றலோ தூக்கமோ தரும் மாத்திரை சாப்பிட்டவர், முந்தைய இரவு குடித்தவர், தூங்காதவர் ஆகியோர் அதைத் தரையிலேயே சொல்லிவிட வேண்டும். நம்மவர்களுக்கென்று தனியாக ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருப்பவர்கள் நம்மில் பலர். இந்த ஊரில் அது சனவரி, பிப்ரவரி மாதக் கடும் வெயிலில் வருகிறது. ஒரு வேளை உணவோடு விரதம் இருப்பவர் 36 மீட்டர் மாஸ்ட்டின் பாதியில் கை நடுங்கி நிற்பதை முருகன் கேட்கவில்லை. அந்த நாட்களில் தரைவேலையை ஏற்றுக்கொண்டு, ஏறும் பொறுப்பைக் கூட்டாளிக்கு மாற்றிக்கொடுங்கள். எங்கள் குழுவில் காவடி எடுப்பவர் யார் என்று கேட்டுத்தான் பணிப்பட்டியலையே எழுதுகிறோம்.

தனியாக ஏறவே கூடாது. கீழே நிற்பவர் வெறும் துணைக்கு நிற்பவராகவும் இருக்கக் கூடாது. மேலே தொங்குபவரைத் தானே ஏறி இறக்கத் தெரிந்தவராக, அதற்கான கருவியைக் கையில் வைத்திருப்பவராக இருக்க வேண்டும். பண்ணைக் காவலாளியைக் கீழே நிறுத்திவிட்டு ஏறுவதும் தனியாக ஏறுவதும் ஒன்றுதான். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள நேர்ந்தால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

வானமும் சுற்றுப்புறமும்

ஜொகனஸ்பர்க்கைச் சுற்றிய உயர்மேட்டு நிலத்திலும் டிராக்கன்ஸ்பர்க் அடிவாரத்திலும், அக்டோபர் முதல் மார்ச் வரை பிற்பகலில் இடிமழை திரள்வது வழக்கம். ஆகவே அங்கே ஏறும் வேலை காலையிலேயே முடிந்துவிட வேண்டும். மின்னலைக் கண்டு 30 நொடிக்குள் இடி கேட்டால் அது பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே இறங்க வேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை மறுபடி ஏறக் கூடாது. டர்பன் கரையில் வேறு ஆபத்து. வெதுவெதுப்பான வடகிழக்குக் காற்று சட்டென்று நின்று, சில நிமிடங்களில் தென்மேற்கிலிருந்து பலத்த காற்று அறையும். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதை, டிஷ்ஷைக் கையில் பிடித்தபடி நிற்கும்போது தோள் சொல்லிவிடும். எங்கள் குழு மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டினால் ஏறுவதில்லை. டிஷ் தூக்கும் வேலை என்றால் அதைவிடக் குறைந்த காற்றிலேயே நிறுத்திவிடுகிறோம்.

கரும்புக்காட்டில் பக்கத்து வயலுக்குத் தீ வைக்கப்போகிறார்களா என்று பண்ணைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அறுவடைக்கு முன் எரிக்கும்போது எழும் புகை மாஸ்ட்டின் மேல்பாதியை நேராக வந்து மூடும்.

தேனீ இன்னொன்று. இந்த நாட்டுத் தேனீக்கள் கூட்டமாகத் துரத்திக் கொட்டக்கூடியவை. கருவிப்பெட்டியின் கேபிள் துளையும் காலியான குழாயின் வாயும் அவற்றுக்கு ஏற்ற வீடு. தரையிலிருந்து இரண்டு நிமிடம் உற்றுப் பாருங்கள். ஒரே இடத்துக்குத் தேனீக்கள் போய்வந்துகொண்டிருந்தால் அன்றைக்கு ஏற்றம் இல்லை. தேனீ வளர்ப்பவரை அழைக்க வேண்டியதுதான். தரையில் ஓடித் தப்பலாம், கொக்கியில் தொங்குபவர் எங்கே ஓடுவார்?

மாஸ்ட்டைச் சோதித்தல்

அடித்தளத்திலிருந்து தொடங்கி ஒரு முறை முழுதாகச் சுற்றி வாருங்கள். மாஸ்ட்டைச் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பிகள் ஒவ்வொன்றும் நங்கூரத்தில் எப்படி முடிகிறது, கம்பியை இறுக்கும் திருகான டர்ன்பக்கிள் தானாகச் சுழலாதபடி கம்பி கட்டப்பட்டிருக்கிறதா, கிளாம்ப் நட்டுகள் முழுமையாக இருக்கின்றனவா, நங்கூரக் கம்பி மண்ணுக்குள் நுழையும் இடத்தில் துரு தின்றிருக்கிறதா என்று பாருங்கள். துரு அதிகம் தின்பது அந்த இடத்தைத்தான். புல்லை விலக்கிக் கொஞ்சம் தோண்டினால்தான் தெரியும். பிறகு மாஸ்ட்டின் காலோடு கண்ணை ஒட்டிவைத்து மேலே நோக்கினால், வளைவோ முறுக்கோ இருந்தால் தெரிந்துவிடும்.

இந்த நாட்டில் கூடுதலாக ஒன்றைத் தேட வேண்டும்: என்ன திருடு போயிருக்கிறது? மின்னல் தாங்கியின் தாமிரப் பட்டை பல இடங்களில் வெட்டி எடுக்கப்பட்டிருக்கும். குறுக்குக் கம்பிகளையும் போல்ட்களையும்கூடக் கழற்றிச் செல்கிறார்கள். 2023 ஏப்ரலில் பிரிட்டோரியாவுக்குக் கிழக்கே என்4 நெடுஞ்சாலையின் மேல் மின்கோபுரங்கள் சரிந்து விழுந்தபோது, திருட்டையும் சேதத்தையுமே மாநகராட்சி காரணமாகச் சொன்னது. ஒரு கம்பி குறைந்தாலும் அந்த மாஸ்ட்டில் ஏறுவதில்லை. பளுதூக்கி வாகனத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள், அல்லது மாஸ்ட்டைச் சரிசெய்த பிறகு வாருங்கள்.

உடலில் அணிவது

முழுவுடல் ஹார்னஸ் மட்டுமே. இடுப்புப் பெல்ட்டில் விழுந்தால் முதுகெலும்பும் உள்ளுறுப்புகளும் தாங்கா. லேபிளில் தென்னாப்பிரிக்கத் தர எண்ணான எஸ்.ஏ.என்.எஸ். 50361 என்றோ ஐரோப்பியத் தர எண்ணான இ.என். 361 என்றோ இருக்க வேண்டும். பட்டைகளைத் தலைகீழ் ‘ப’ போல வளைத்து, விரல் விரலாக நகர்த்திப் பாருங்கள். அப்போதுதான் வெட்டும், நூல் பிரிவும், பெயிண்ட் பட்டு விறைத்த இடமும் வெளியே தெரியும். தகுதியுள்ளவரைக்கொண்டு 12 மாதத்துக்கு ஒரு முறையாவது முறையான ஆய்வு செய்து பதிவிட வேண்டும். ஒரு முறை விழுதலைத் தாங்கிய ஹார்னஸும், அதை மாஸ்ட்டோடு இணைக்கும் கொக்கிக் கயிறான லேன்யார்டும் பார்வைக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் கத்தரித்துக் குப்பையில் போட வேண்டியவை. மாட்டிக்கொண்டபின், தொடைப் பட்டைக்குள் விரித்த கை நுழைய வேண்டும், முஷ்டி நுழையக் கூடாது. முதுகு வளையம் இரு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே நிற்க வேண்டும்.

லேன்யார்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் அதிகத் தவறு நடப்பது இங்கேதான். நமக்கு வேண்டியது அதிர்வுதாங்கி வைத்த இரட்டை வால் லேன்யார்ட். பெரிய வாய்க் கொக்கிகள் இரண்டு, நடுவே ஒரு பொதி. விழும்போது அந்தப் பொதி கிழிந்து நீண்டு, உடலில் படும் விசையை 6 கிலோநியூட்டனுக்குள் அடக்குகிறது. அப்படி நீள்வதற்கு இடம் வேண்டும். லேன்யார்ட் 2 மீட்டர், பொதி விரிவது 1.75 மீட்டர் வரை, முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை ஏறக்குறைய 1.5 மீட்டர், பாதுகாப்புக்கு 1 மீட்டர். ஆக, கொக்கி மாட்டிய புள்ளிக்குக் கீழே 6.25 மீட்டர் வெற்றிடம் இருந்தால்தான் அது உங்களைக் காப்பாற்றும். 4 மீட்டர் உயரத்தில் கால் மட்டத்தில் கொக்கியை மாட்டிக்கொண்டு நிற்பவர் தரையில்தான் விழுவார். ‘இன்னும் கீழேதானே இருக்கிறோம்’ என்ற அலட்சியம் தவறாவது இதனால்தான். முதல் சில மீட்டரில் கொக்கியைத் தலைக்கு மேல் எட்டும் அளவு உயரத்தில் மாட்டுங்கள். மாஸ்ட்டிலேயே நிரந்தரமாகக் கட்டிய உயிர்க்கயிறோ கம்பியோ இருந்தால் மார்பு வளையத்தில் அதன் பிடிகருவியை மாட்டி ஏறுங்கள். உங்கள் எடையும் கருவிகளின் எடையும் சேர்ந்து லேபிளில் உள்ள வரம்பைத் தாண்டக் கூடாது. பழைய லேன்யார்ட்களில் அது 100 கிலோதான்.

பயன்படாத வாலை ஹார்னஸின் உறுதியான வளையத்தில் மாட்டிவைப்பது பெரும் தவறு. விழும்போது விசை அந்த வால் வழியாகப் பாய்ந்தால் பொதி கிழியவே கிழியாது, அதிர்ச்சி முழுதும் உடலுக்குள் இறங்கும். அதற்கென்றே ஹார்னஸின் மார்புப் பட்டையில், இழுத்தால் விட்டுக்கொடுக்கும் ஒரு சிறு பிடிப்பான் இருக்கிறது, அதில் மாட்டுங்கள்.

நாடியில் கட்டும் பட்டையோடு கூடிய ஹெல்மெட், கையுறை, குதிகால் வைத்த பூட்ஸ், சட்டைப்பையில் எதுவும் இல்லாமை. கைப்பேசிக்கும் கயிறு கட்ட வேண்டும்.

மின்சாரமும் ரேடியோ அலையும்

மின்வெட்டு நேரத்தில் ‘கரண்ட் இல்லை’ என்று எண்ணி, எதையும் பிரிக்காமல் ஏறுபவர்கள் இருக்கிறார்கள். அட்டவணை நேரம் முடிந்ததும் 230 வோல்ட் அறிவிப்பில்லாமல் திரும்பிவரும். ஜெனரேட்டர் தானாகவே ஓடத் தொடங்கும். ஆகவே பிரேக்கரை நிறுத்தி, பூட்டுப் போட்டு, சாவியை ஏறுபவரே வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் சொந்த ரேடியோக்களைப் பி.ஓ.இ. யிலேயே நிறுத்திவிடலாம்.

நம்முடைய 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோக்கள் குறைந்த சக்தி கொண்டவை. ஆபத்து, மாஸ்ட்டைப் பகிர்ந்துகொள்ளும் அடுத்தவர் கருவியில் இருக்கிறது. பண்பலை ஒலிபரப்பு ஆண்டெனா உள்ள கோபுரத்தில் இரு மடங்கு கவனம் வேண்டும், ஏனெனில் அந்த அலைவரிசையை மனித உடல் அதிகமாக உறிஞ்சுகிறது. தொழிலாளருக்கான பன்னாட்டு வரம்பு 30 முதல் 400 மெகாஹெர்ட்ஸ் வரை சதுர மீட்டருக்கு 10 வாட். 2 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் அதுவே 50 வாட். கோபுர உரிமையாளரிடம் சக்தியைக் குறைக்கவோ நிறுத்தவோ எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். உடலில் அலையளவு எச்சரிக்கைக் கருவியை அணியுங்கள். எந்த டிஷ்ஷின் முகத்துக்கு முன்னும் நிற்காதீர்கள்.

விழுந்தால் என்ன செய்வது என்பதை ஏறுவதற்கு முன்பே முடிவுசெய்தல்

ஹார்னஸில் அசையாமல் தொங்குபவருக்குத் தொடைப் பட்டைகள் அழுத்தி, கால்களில் இரத்தம் தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். கரும்புக்காட்டு மண்சாலையில் ஆம்புலன்ஸ் அந்த நேரத்துக்குள் வந்து சேராது. எனவே மீட்பு வெளியிலிருந்து வரும் என்று நம்பி ஏறக் கூடாது. இறக்கும் கருவி பொருத்திய கயிறு, மாஸ்ட்டின் முழு உயரத்துக்கும் போதுமான நீளத்தில், முடிச்சில்லாமல் பையில் சுருட்டி, அடியில் திறந்த நிலையில் இருக்க வேண்டும். கீழே நிற்பவரும் ஹார்னஸைப் போட்டுக்கொண்டுதான் நிற்க வேண்டும். நண்பர் மேலே தொங்கும்போது பக்கிள் தேடும் கை நடுங்கும்.

இதைக் காகிதத்தில் வைத்துக்கொள்வதால் பயனில்லை. நாங்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அலுவலக முற்றத்திலுள்ள சிறு மாஸ்ட்டில் மூன்று மீட்டர் உயரத்தில் ஒருவரைத் தொங்கவிட்டு, மற்றவர் அவரைத் தன் கயிற்றுக்கு மாற்றி இறக்கும்வரை நேரம் பார்க்கிறோம். முதல் முறை எனக்கு 23 நிமிடம் ஆனது. தொங்கிய தம்பி தொடை மரத்துப்போய், இறங்கியதும் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

தொங்குபவருக்கு நினைவிருந்தால், ஹார்னஸின் பக்கப் பையிலுள்ள பட்டையை அவிழ்த்து, வளையமாக்கி, அதில் பாதத்தை ஊன்றி எழுந்து நிற்க வேண்டும். இல்லையென்றால் சைக்கிள் மிதிப்பது போலக் கால்களை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இறக்கியபின் படுக்கவைத்து, மூச்சைப் பார்த்து, வழக்கமான முதலுதவியைச் செய்யுங்கள். நன்றாக இருக்கிறேன் என்று அவர் சொன்னாலும் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அழைக்க வேண்டிய எண்கள் 10177, கைப்பேசியிலிருந்து 112. இடத்தின் ஆயத்தொலைவுகள், எந்த வாயில், அதன் சாவி யாரிடம் என்பதை ஏறும் முன்பே தாளில் எழுதிக் கீழே நிற்பவரிடம் கொடுங்கள். இணையம் கொடுக்கப் போகும் மேட்டிலேயே கைப்பேசிக்குச் சிக்னல் இல்லாமல் இருப்பதும் உண்டு; எங்கே நின்றால் அழைப்பு போகும் என்பதையும் பார்த்துவைக்க வேண்டும்.

ஏறுதல்

இரு கால், ஒரு கை, அல்லது இரு கை, ஒரு கால் எப்போதும் கம்பியில் இருக்கட்டும். ஒரு கொக்கியை மேலே மாட்டி, அது பூட்டிய பிறகே மற்றதைக் கழற்ற வேண்டும். மாட்டும் இடம் மாஸ்ட்டின் முதன்மைக் காலும் அதோடு பற்றவைத்த உறுதியான குறுக்குக் கம்பியும்தான். கேபிள் தட்டு, ஆண்டெனாத் தாங்கி, விளக்குக் குழாய் எதுவும் மனிதனைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

என் வாழ்வில் நடந்ததைச் சொல்கிறேன். முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் ஹோவிக் பக்கம் ஒரு மாஸ்ட்டில் ஏறிக்கொண்டிருந்தேன். 20 மீட்டருக்கு மேல் கொக்கியை மாட்டினேன். வழக்கமான ‘டக்’ ஒலி கேட்டதாகவே நினைத்தேன். இரண்டாவது கொக்கியைக் கழற்றப் போன கை ஏனோ நின்றது. திரும்பிப் பார்த்தால், யாரோ முன்பு கட்டி வெட்டாமல் விட்ட கேபிள் டை (கேபிளைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை) ஒன்றின் வால் கொக்கியின் வாய்க்குள் மடங்கி, கதவை ஒரு விரல் இடைவெளிக்குத் திறந்தே வைத்திருந்தது. அன்றிலிருந்து காதை நம்புவதில்லை. கொக்கியைப் பார்த்து, இழுத்து, கதவை விரலால் அழுத்திய பிறகுதான் அடுத்ததைக் கழற்றுகிறேன். வெயிலில் முறுக்கேறிய கேபிள் டைகளின் வாலை ஒட்ட வெட்டிவிடுவதும் நம் வேலையில் சேர்ந்ததே.

அவசரப்படாமல், ஒவ்வொரு ஸ்டே மட்டத்திலும் நின்று மூச்சு வாங்குங்கள். முன்கை இறுகி விரல்கள் தளர்ந்தால், இடுப்புக் கயிற்றில் சாய்ந்து ஓய்வெடுங்கள்.

மேலே செய்யும் வேலை

வேலை செய்யும் இடத்தில் இடுப்புக் கயிற்றை மாஸ்ட்டைச் சுற்றிப் போட்டு, பக்க வளையங்களில் மாட்டிச் சாய்ந்து நிற்கலாம். ஆனால் அது விழுதலைத் தடுக்கும் கருவியல்ல. லேன்யார்ட் கொக்கி ஒன்று தலைக்கு மேல் தொடர்ந்து மாட்டப்பட்டே இருக்க வேண்டும்.

ஸ்பேனர் முதல் நட்டு வரை ஒவ்வொன்றுக்கும் கயிறோ மூடிய பையோ வேண்டும். அரைக் கிலோ ஸ்பேனர் 30 மீட்டரிலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 85 கிலோமீட்டருக்கு மேல். இடையில் கம்பியில் பட்டுத் தெறித்தால் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. கீழே நிற்பவர் தள்ளி நின்று, வேலியிட்டு, பண்ணைப் பிள்ளைகளையும் மாடுகளையும் விலக்கிவைக்க வேண்டும். பொருளை ஏற்றுவது கப்பியும் தனிக் கயிறும் கொண்டு. டிஷ் சுழலாதிருக்க அதன் அடியில் இழுகயிறு கட்டி, தள்ளி நின்று பிடிக்க வேண்டும். பொருள் ஏற்றும் கயிற்றை ஒருபோதும் மீட்புக் கயிறாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

குரல் காற்றில் கரைந்துவிடும், அதனால் வாக்கி டாக்கி வேண்டும். எங்கள் குழுவில் தமிழ், ஆங்கிலம், சூலு மூன்றும் புழங்குகின்றன. அதனால் நிறுத்து என்பதற்கு மட்டும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். சூலுவின் ‘யிமா’. யார் சொன்னாலும், எதற்காகச் சொன்னாலும் எல்லாக் கைகளும் உடனே நிற்க வேண்டும். காரணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

இறங்குதல்

வேலை முடிந்துவிட்டது, இணைப்பு எழுந்துவிட்டது, வாடிக்கையாளர் நன்றி சொல்லிவிட்டார் என்ற மகிழ்ச்சியோடு, களைத்த கையோடு இறங்குகிறோம். கொக்கி மாட்டாமல் ‘விறுவிறு’வென்று இறங்கும் ஆசை அப்போதுதான் வரும். ஏறியதைவிட மெதுவாக, ஏறிய அதே முறையில் இறங்குங்கள். இரு பாதமும் மண்ணில் பட்டபின் கடைசிக் கொக்கியைக் கழற்றி, பிரேக்கர் பூட்டை நீங்களே திறங்கள்.

ஹார்னஸ் வியர்வையில் நனைந்திருந்தால் சாதாரணத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். கடலோரத்தில் உப்புப் படிந்த கொக்கிகளையும் கழுவி, கதவு தானாக மூடுகிறதா என்று பாருங்கள். வண்டியின் பின்புறத்தில் பேட்டரி அமிலத்துக்குப் பக்கத்தில் எறியாதீர்கள். பிறகு பதிவேட்டில் எழுதுங்கள்: தளர்ந்த டர்ன்பக்கிள் எந்த மூலையில், எத்தனையாவது மட்டத்தில் தேனீ வந்துபோனது, எந்தக் கேபிள் டையின் வால் இன்னும் வெட்டப்படாமல் இருக்கிறது.